மருந்துக்கடைக்குப் போகும் முன் ஒரு தூரை இழுத்துப் பாருங்கள்

நட்டு ஒரு மாதம் ஆன நெல் கழனியில் இறங்குங்கள். ஓரிடத்தில் நட்ட நாற்று கிளைத்து நிற்பது ஒரு குத்து, அதிலுள்ள ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். பச்சையாக நிற்கும் குத்துகளுக்கு நடுவே எங்காவது ஒரு தூரின் நடுக்குருத்து மட்டும் காய்ந்து பழுப்பாக நிற்கும். அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்துவிட்டதா? அடிப்பக்கம் கடித்து மென்றதுபோல் நைந்திருக்கிறதா? அப்படியானால் தண்டுக்குள் குருத்துப்பூச்சியின் புழு வேலை செய்திருக்கிறது. இழுத்தும் வராமல் பிடிவாதமாக நின்றால் காரணம் வேறு.

ஒரு நொடிதான் ஆகும் இந்தச் சோதனைக்கு. இதைச் செய்யாமல் விட்டதால் என் முதல் நவரைப் பட்டத்தில் நான் இழந்தது நிறைய. அணைக்கட்டுப் பக்கம் தாத்தா விட்டுப்போன கழனியில் நட்ட மூன்றாவது வாரம், அங்கங்கே திட்டுத்திட்டாகப் பயிர் மஞ்சளாகிக் குட்டையாக நின்றது. பதறிப்போய் ஒரு மருந்துக்கடையில் போய்ச் சொன்னேன். "புகையான்தான், உடனே அடிங்க" என்றார்கள். புகையான் என்பது நெல் தண்டின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் பூச்சி. ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை அடித்தேன். மஞ்சள் குறையவே இல்லை. அப்புறம்தான் பக்கத்துக் கழனிப் பெரியப்பா வந்தார். "தூரைச் சாய்ச்சு அடியில பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அவர் நாலு குத்தைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு பூச்சிகூட இல்லை. கீழ் இலைகளில் துரு ஏறியதுபோல் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. துத்தநாகச் சத்துக் குறைவு அது. நான் அடித்த மருந்து கழனியிலிருந்த சிலந்திகளைக் கொன்றதுதான் மிச்சம். அடுத்த மாதம் உண்மையான புகையான் வந்தபோது அதைத் தின்ன அங்கே எதுவும் இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டமாகிவிட்ட பழைய வட ஆற்காட்டில் புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் இதில் கிடையாது. செடியில் இருக்கும் காயத்தைப் பார்த்து, செய்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது மட்டும்தான். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்து தேவையில்லை என்று பாதி நேரம் தானாகவே தெரிந்துவிடும்.

கையில் என்ன வேண்டும்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, தண்டைப் பிளக்கச் சின்னக் கத்தி, ஒரு வெள்ளைத்தாள், ஒரு நோட்டு, பேனா. கைபேசியில் படம் எடுக்கலாம். ஆனால் படத்தை மட்டும் நம்பாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் உள்பக்கத்தையும் நீங்கள் திருப்பிக் காட்டினால்தான் கைபேசிக்குத் தெரியும்.

காலை ஏழு, எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பல பூச்சிகள் இலைக்கு அடியிலும் மண்ணிலும் ஒளிந்துகொள்ளும். சிலவற்றை இரவில் டார்ச் லைட்டோடு போனால்தான் பார்க்க முடியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வரப்பில் நின்று பாருங்கள்

கழனியில் இறங்குவதற்கு முன் வரப்பில் நின்று முழு வயலையும் ஒருமுறை பாருங்கள். சேதம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே பாதி விடை.

வட்டமாக, நடுவில் காய்ந்து ஓரம் மஞ்சளாக இருந்தால் நெல்லில் புகையானைச் சந்தேகிக்கலாம். வயல் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் பெரும்பாலும் பூச்சி காரணமில்லை, தழைச்சத்துக் குறைவாக இருக்கும். தண்ணீர் பாயும் மடைப் பக்கம் மட்டும், அல்லது மேடான இடத்தில் மட்டும் பயிர் சோர்ந்திருந்தால் மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள். தென்னை நிழலும் புங்கமர நிழலும் விழும் ஓரத்தில் மட்டும் இலைகள் வெளுத்திருந்தால் இலைச்சுருட்டுப் புழுவாக இருக்கலாம், அதற்கு நிழல் பிடிக்கும். வயலின் நடுவே கதிர்கள் வெட்டிச் சாய்ந்து கிடந்தால் எலியின் வேலை. எலி தண்டைச் சாய்வாக வெட்டும். வெட்டுவாய் கத்தியால் சீவியதுபோல் இருக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று இது இருந்ததா? நோயும் சத்துக் குறைவும் மெல்ல ஏறும். கம்பளிப்பூச்சி ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியை மொட்டையடித்துவிடும்.

காயம் இரண்டே வகை

பூச்சியின் வாயைத் தெரிந்துகொண்டால் காயம் புரியும். ஒரு கூட்டத்துக்குக் கடித்து மெல்லும் வாய். புழுக்களும் வண்டுகளும் வெட்டுக்கிளியும் இதில் சேரும். இவை விட்டுப்போகும் அடையாளம் ஓட்டை, கடித்த ஓரம், சுரண்டிய வெள்ளைத் தடம், துளைத்த தண்டு. கூடவே எச்சம் கிடக்கும். கடுகு மாதிரி உருண்டையாகவோ, மரத்தூள் மாதிரியோ இருக்கும். அது ஈரமாக இருந்தால் புழு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது. காய்ந்து உதிர்ந்தால் போய்விட்டது. போய்விட்ட புழுவுக்கு மருந்து அடிப்பது வீண் செலவு.

இன்னொரு கூட்டம் ஊசிபோன்ற வாயால் சாற்றை உறிஞ்சும். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, நாவாய்ப்பூச்சி எல்லாம் இதில் வரும். இவை ஓட்டை போடாது. இலை மஞ்சளாகும், ஓரம் சுருளும், செடி சோரும். இலைமேல் பிசுபிசுப்பு இருந்தாலோ, அதன்மேல் கரி பூசியதுபோல் கறுப்பு படிந்திருந்தாலோ, எறும்பு வரிசையாக ஏறி இறங்கினாலோ, மேலே எங்கேயோ சாறு உறிஞ்சுபவை இருக்கின்றன. இலைப்பேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இலையைச் சுரண்டி, கசியும் சாற்றைக் குடிக்கும். அது பட்ட இலையில் வெள்ளி பூசியதுபோல் மினுமினுப்புத் தெரியும்.

இந்த இரண்டில் எதுவும் பொருந்தவில்லை என்றால் பூச்சியை விட்டுவிட்டு நோயையோ சத்தையோ தேடுங்கள்.

நெல்: நாற்றங்காலிலிருந்து கதிர் வரை

நம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் நடக்கிறது. ஏரியும் கிணறும் கைகொடுத்தால் ஒரே கழனியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிர் இருந்துகொண்டே இருக்கும். பூச்சிக்கும் சாப்பாடு அறுபடாமல் கிடைக்கிறது. அதனால் நெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாற்றங்காலில் இலை நுனி ஊசிபோல் சுருண்டு காய்கிறதா? உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நாற்றின்மேல் தடவி எடுங்கள். கையில் கறுப்புப் புள்ளிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் அவைதான் இலைப்பேன். பன்னிரண்டு முறை தடவியதில் 60-க்கு மேல் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. தண்ணீர் கட்டி நாற்றை முக்கால்வாசி நனையவிட்டாலே பெருமளவு குறையும்.

நாற்றைப் பிடுங்கும்போது இலை நுனிகளைக் கவனியுங்கள். நுனிக்குப் பக்கத்தில் வைக்கோல் நிறப் பஞ்சு ஒட்டியதுபோல் சின்னத் திட்டு தெரிந்தால் அது குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல். தாய் அந்துப்பூச்சி மஞ்சளாக இருக்கும், முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். நாற்றுக்கட்டின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் அந்த முட்டைகள் கழனிக்கே போகாது. எங்கள் பாட்டி இதைக் காரணம் சொல்லாமலே செய்வாராம். எனக்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது.

நட்ட பிறகு நடுக்குருத்து காய்ந்தால் முதலில் சொன்ன இழுப்புச் சோதனை. உறுதி செய்ய வேண்டுமானால் அந்தத் தூரை அடியோடு அறுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு புழுவோ, தூள்போன்ற எச்சமோ இருக்கும். இங்கே ஏமாற்றும் இன்னொன்று பாக்டீரியா வாடல். நட்ட கொஞ்ச நாளில் முழுக் குத்தும் வாடும். அடித்தண்டை நறுக்கி விரலால் அழுத்தினால் மஞ்சளாக ஒரு திரவம் கசியும். அது நோய், பூச்சிமருந்து அதைத் தொடாது.

கதிர் வந்தபிறகு அதே புழு தாக்கினால் கதிர் முழுக்க வெள்ளையாக, விறைப்பாக நிற்கும். இதைத்தான் வெண்கதிர் என்கிறோம். ஒரு மணியும் பால்கட்டாது, எல்லாம் சாவி, அதாவது பதர். குலைநோயிலும் கதிர் வெளுக்கும், புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கதிரை இழுங்கள். சுலபமாக வந்தால் புழு. வராமல், கதிரின் கழுத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு வளையம் இருந்து, அங்கே ஒடிந்தால் குலைநோய். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது. ஒரு சீசன் பணம் இந்த ஒரு குழப்பத்தில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இலை நீளவாக்கில் மடிந்து குழாய்போல் ஒட்டியிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடிபோன்ற பச்சைப் புழு தொட்டதும் துள்ளி நெளிந்தால் இலைச்சுருட்டுப் புழு. உள்பச்சையைச் சுரண்டித் தின்பதால் வெள்ளைக் கோடுகள் தெரியும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டிய வயலில்தான் இது அதிகம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இளம்பயிர் இதைத் தாங்கும். புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். கண்ணாடி இலை என்று சொல்லப்படும் கடைசி இலைக்கு வந்தால் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம், மணி நிரம்புவதற்கு அந்த இலைதான் சோறு போடுகிறது.

இலைநுனி கத்தரித்ததுபோல் வெட்டப்பட்டு, துண்டுகள் சுருண்டு தண்ணீரில் மிதந்தால் கூண்டுப்புழு. ஒரு கயிற்றைப் பயிர்மேல் இருபக்கமும் பிடித்து இழுத்து, விழும் கூண்டுகளோடு தண்ணீரை வடித்துவிட்டால் வேலை முடிந்தது.

தூருக்குள்ளிருந்து வெங்காயத் தாள்போல் வெளிறிய, உள்ளே வெற்றிடமான குழல் ஒன்று நீண்டிருந்தால் அது ஆனைக்கொம்பன். பேரே அடையாளம். அந்தத் தூர் இனிக் கதிர் விடாது. குழல் வெளியே தெரியும்போது சேதம் முடிந்துவிட்டிருக்கும். அதனால் கண்ட தூரைக் காப்பாற்ற முயலாமல், எத்தனை தூரில் இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

அப்புறம் புகையான். பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும் பூச்சி இது. தூர் கட்டி, வயல் அடர்ந்து, அடியில் காற்றே புகாமல் தண்ணீர் தேங்கியிருக்கும்போது வரும். இலையில் தேடாதீர்கள். குத்தைச் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் பாருங்கள். பழுப்பு நிறத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கை நெருங்கினால் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளியும், சில தண்ணீரில் குதிக்கும். குத்தைத் தட்டி வெள்ளைத்தாளைக் கீழே நீட்டினால் விழுவதை எண்ணலாம். தூருக்கு ஒன்று என்ற அளவு வந்தால் எச்சரிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரைகூடப் பொறுக்கலாம். வட்டமாகக் காய்ந்த இடத்தில் தேடினால் பூச்சி இருக்காது, ஏற்கெனவே நகர்ந்திருக்கும். வட்டத்தின் பச்சை ஓரத்தில் தேடுங்கள். முதல் காரியமாகத் தண்ணீரை வடியுங்கள். அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஒருமுறை ஒரு அடி இடைவெளி விட்டு நடுங்கள், காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் முன்னைவிடப் பெருகும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பால் பிடிக்கும் சமயத்தில் வரப்பில் நடக்கும்போதே மூட்டைப்பூச்சி நசுக்கிய மாதிரி வாடை வந்தால் கதிர்நாவாய்ப்பூச்சி இருக்கிறது. மணியில் குத்திப் பாலை உறிஞ்சும். குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி விழும், மணி பதராகும்.

மல்லாட்டை: கொல்லையில் விளக்கு வைத்துப் பார்ப்பது

கிணறு இல்லாத கொல்லையில், அதாவது புன்செய் நிலத்தில், மானாவாரிக்கு மல்லாட்டைதான் நமக்கு. வேர்க்கடலை, மணிலா, நிலக்கடலை என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி. இதில் வட ஆற்காட்டுக்காரர்கள் மறக்க முடியாதது சிவப்புக் கம்பளிப்பூச்சி.

இதன் கதை வேறு. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். கோடைமழை நன்றாக ஒன்று பெய்ததும் அந்துப்பூச்சியாக எழும்பும். அந்த ஓரிரு நாள் சாயங்காலம் வீட்டு விளக்கைச் சுற்றி வெளிர் நிற இறக்கையில் பழுப்புக் கோடுகளுள்ள பூச்சிகள் மொய்த்தால், கொல்லையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்த அன்றே விளக்குப்பொறி வைப்பது அதனால்தான். அதற்கடுத்த நாள்களில் இலைகளின் அடியில் முட்டைக் குவியலைத் தேடுங்கள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பொரித்த குட்டிப் புழுக்கள் முதலில் ஒரே இலையில் கூட்டமாக இருந்து அடிப்பச்சையைச் சுரண்டும். இலை காகிதம்போல் ஆகிவிடும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் இலையைக் கிள்ளிப் போட்டு அழித்துவிடலாம், ஒரு பைசா செலவில்லை. நான்கைந்து நாள் தவறவிட்டால் அவை பிரிந்து, செம்பழுப்பாக மயிர் அடர்ந்து, தண்டு நரம்பு மட்டும் விட்டு மீதியைத் தின்றுவிட்டு அடுத்த கொல்லைக்கு அணிவகுத்துப் போகும். போகும் வழியில் ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் எடுத்தால் அதில் விழும், ஏற முடியாது. ஓரத்திலும் ஊடேயும் காராமணியோ துவரையோ விதைத்தால் முட்டை முதலில் அங்கே விழும், தேடுவது எளிது. கோடை உழவு ஓட்டும்போது ஏருக்குப் பின்னால் காக்கையும் மைனாவும் கொக்கும் வருவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வெளியே புரளும் கூட்டுப்புழுவுக்குத்தான். இந்தப் பூச்சியை ஒருவர் மட்டும் கட்டுப்படுத்த முடியாது. ஊரே சேர்ந்து ஒரே நாளில் விளக்கு வைத்தால்தான் பலன் உண்டு.

மழை தவறி வறட்சி நீண்டால் வருவது சுருள்பூச்சி. இலையின்மேல் சின்னச் சின்ன பழுப்புக் கொப்புளம். திக்கா இலைப்புள்ளி நோயோ என்று சந்தேகம் வரும். இலையைப் பறித்துச் சூரியனுக்கு நேரே பிடியுங்கள். கொப்புளத்துக்குள் குட்டிப் புழுவின் நிழல் தெரிந்தால் சுருள்பூச்சி. புள்ளி நோய் என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது, வட்டமான கறுத்த புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். புழு வளர்ந்ததும் பக்கத்து இலைகளைச் சேர்த்து நூலால் ஒட்டி உள்ளே இருக்கும். எட்ட நின்று பார்த்தால் கொல்லை தீப்பிடித்துக் கருகியதுபோல் தெரியும். ஒரு நல்ல மழை பெய்தால் இது தணியும்.

பகலில் ஒரு புழுவும் தெரியவில்லை, ஆனால் இலையில் பெரிய ஓட்டைகள், செடிக்கடியில் கறுப்பு உருண்டை எச்சம் என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். புகையிலை வெட்டுப்புழுவை, நம் ஆட்கள் புரொடீனியா என்று சொல்வதை, அப்போதுதான் பார்க்கலாம். பகலில் மண்வெடிப்பிலும் சருகுக்கடியிலும் கிடக்கும். வரப்போரம் ஆமணக்கு வைத்திருந்தால் அதன் அகலமான இலையில் முட்டையும் குட்டிப் புழுவும் முதலில் தெரியும்.

இலைநுனி ஆங்கில 'வி' எழுத்துபோல் மஞ்சளாகியிருந்தால் தத்துப்பூச்சி. புது இலை முழுக்க வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

ஒரு வரிசையில் செடிகள் அடுத்தடுத்து வாடினால் பிடுங்குங்கள். வேரைக் காணோம் என்றால் மண்ணைத் தோண்டுங்கள், வளைந்து கிடக்கும் வெள்ளை வேர்ப்புழு கிடைக்கும். இதன் வண்டுகள் முதல் மழைக்குப் பின் பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்தில் வந்து இலை தின்னும், அப்போது கிளையை உலுக்கிப் பொறுக்கலாம். வேர் இருந்து, ஆனால் அழுகி நார்நாராக உரிந்தால் வேரழுகல் நோய். காயின் ஓடு சுரண்டப்பட்டு மண் அப்பியிருந்தால் கரையான்.

கரும்பு, மக்காச்சோளம், பயறு

கரும்பில் முதல் மூன்று மாதத்துக்குள் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் சுலபமாக வந்து, அழுகிய நாற்றம் அடித்தால் இளங்குருத்துப் புழு. அதற்குப் பின் கணுவை ஒட்டித் துளையும் எச்சமும் தெரிந்தால் இடைக்கணுப் புழு. இலை விரியும்போது குறுக்கே வரிசையாக ஓட்டைகள், நுனியில் பக்கக் கிளைகள் விசிறிபோல் கூடி நின்றால் நுனிக்குருத்துப் புழு. இதில் காய்ந்த குருத்து சுலபத்தில் இழுபடாது.

மக்காச்சோளத்தில் 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவைத்தான் முதலில் தேட வேண்டும். இலையில் காகிதம்போல் சுரண்டிய தடங்கள், பிறகு கிழிந்த ஓட்டைகள், குருத்துக்குள் ஈர மரத்தூள்போல் எச்சம். புழுவைப் பிடித்தால் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்தும், வால்பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளியும் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் அதுவேதான்.

துவரையில் புழு பாதி உடம்பைக் காய்க்குள் விட்டுப் பாதி வெளியே தொங்கினால் பச்சைக் காய்ப்புழு. பூவும் காயும் நூலாம்படையால் ஒட்டிக் கிடந்தால் புள்ளிக் காய்ப்புழு. உளுந்தில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது தேமல் நோய். அதைப் பரப்பிய வெள்ளை ஈ இலைக்கு அடியில் இருக்கும்.

கத்தரி வயல் பயிர்க் கணக்கில் வராது. ஆனாலும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்கத்தரி நம் மண்ணுடையது என்பதால் ஒரு வரி. இளந்தண்டின் நுனி தலைகுனிந்து வாடியிருந்தால் தண்ணீர் பாய்ச்சாமல் முதலில் அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு இருக்கும். கிள்ளி எறிவதே முதல் வைத்தியம்.

எண்ணாமல் முடிவெடுக்காதீர்கள்

ஒரு காய்ந்த குருத்து கண்ணில் பட்டதும் வயலே போச்சு என்று தோன்றும். அதற்குத்தான் எண்ணிக்கை. வரப்பிலிருந்து ஐந்தாறு அடி உள்ளே போய், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடத்தில் ஒவ்வொரு குத்து எடுங்கள். மோசமாகத் தெரிவதைத் தேடிப் போகாதீர்கள், கால் நின்ற இடத்தில் இருப்பதை எடுங்கள். மொத்தத் தூர் எத்தனை, காய்ந்தது எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். பத்துக் குத்தில் 180 தூர் இருந்து 9 காய்ந்திருந்தால் நூற்றுக்கு 5.

நெல்லுக்கான பொருளாதாரச் சேதநிலை இப்படி: குருத்துப்பூச்சிக்கு, தூர்கட்டும் பருவத்தில் நூற்றுக்கு 10 காய்ந்த குருத்து, கதிர்ப் பருவத்தில் நூற்றுக்கு 2 வெண்கதிர், அல்லது சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலை, பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 5 கண்ணாடி இலை. ஆனைக்கொம்பனுக்கு நூற்றுக்கு 10 குழல். இதற்குக் கீழே இருந்தால் மருந்துச் செலவு, பூச்சி தின்னும் விளைச்சலைவிட அதிகம். மேலே சொன்ன கணக்கில் 5 வந்த வயலுக்கு மருந்து வேண்டாம், நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினால் போதும்.

எண்ணும்போதே இன்னொரு பத்தியில் நன்மை செய்பவற்றையும் எழுதுங்கள். சிலந்தி, தட்டான், பொறிவண்டு, தண்ணீர்மேல் ஓடும் மிதவைப்பூச்சி, பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி எல்லாம் நம் கூலி வாங்காத ஆட்கள். பொறிவண்டின் குட்டிப் புழு முதலையைச் சின்னதாக்கியதுபோல் கறுப்பாக, அசிங்கமாக இருக்கும். பூச்சி என்று நசுக்கிவிடுவார்கள், நானும் நசுக்கியிருக்கிறேன். அது அசுவினியைத் தின்று வளர்வது. அதே சமயம் கத்தரியில் பொறிவண்டு மாதிரியே மங்கலாக, பளபளப்பில்லாமல் நிறையப் புள்ளிகளோடு ஒரு வண்டு இருந்து, இலை சல்லடையாகச் சுரண்டப்பட்டிருந்தால் அது ஹட்டா வண்டு, இலை தின்னி. பளபளவென்று இருந்தால் விடுங்கள், மங்கலாக இருந்தால் இலையைப் பாருங்கள்.

கையில் எடுத்துக்கொண்டு போவது

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

போகும்போது காய்ந்த ஒற்றை இலையை எடுத்துப் போகாதீர்கள். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பாதிப்பு இப்போதுதான் தொடங்கிய செடி ஒன்று, நடுத்தரமாகப் பாதித்த செடி ஒன்று, நன்றாக இருக்கும் செடி ஒன்று. மூன்றையும் வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் பிடுங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் வேலூர் வெயிலில் போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும். புழு கிடைத்தால் காற்றுத் துளையிட்ட டப்பாவில், அது தின்ற இலையோடு போடுங்கள். நோட்டில் ரகம், நட்ட தேதி, கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்து, எண்ணிய கணக்கு இருக்கட்டும்.

பிடுங்கிய இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் அதே குச்சியைச் சுற்றி மறுபடி எண்ணி, பழைய கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.